விளையாட்டின் மீது விழும் பழி யாரைக் காப்பாற்றுகிறது?



வன்முறை நிறைந்த வீடியோ கேம்களைத் தடை செய்யலாமா என்பதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. நானும் விடிய விடிய பப்ஜி ஆடியவன்தான். நடுநிலையாளன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் யார் செய்த கொலைக்கு விளையாட்டின் மேல் பழி போடுகிறார்கள் என்று பார்த்துவிட்டுத் தடையைப் பற்றிப் பேசுவோம்.

2019 ஆகஸ்ட் 3. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் எல் பாசோ நகரம். அங்குள்ள வால்மார்ட் கடையில் ஒரு வெள்ளை இளைஞன் சுட்டதில் 23 பேர் செத்தார்கள். லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் டெக்சாஸை ஆக்கிரமிக்கிறார்கள் என்று அவன் முன்பே இணையத்தில் எழுதியிருந்தான். ஏன் கொன்றான் என்று யாரும் ஆராய வேண்டியதே இல்லை. அவனே எழுதிக் கொடுத்துவிட்டான்.

இரண்டு நாள் கழித்து அதிபர் டிரம்ப் பேசினார். இனவெறியைக் கண்டித்தார். அதே பேச்சில் கொடூரமான வீடியோ கேம்களையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். சில நாட்களில் வால்மார்ட், தன் கடைகளில் இருந்த வன்முறை விளையாட்டு விளம்பரங்களை அகற்றச் சொன்னது. துப்பாக்கி விற்பனையை அப்போது நிறுத்தவில்லை. படத்தில் இருந்த துப்பாக்கி போனது. விற்பனைக்கு இருந்த துப்பாக்கி அப்படியே இருந்தது.

அதே ஆண்டில் பேட்ரிக் மார்க்கி என்ற உளவியல் பேராசிரியரும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 40 ஆண்டுகளில் நடந்த துப்பாக்கிச்சூடுகளைப் பற்றிய இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட செய்திகளை அலசினார்கள். பள்ளியில் சுட்டவன் வெள்ளையன் என்றால், செய்தியில் வீடியோ கேம் பற்றிய பேச்சு வருவது, சுட்டவன் கறுப்பினத்தவனாக இருக்கும்போது வருவதைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு அதிகம்!

இதற்கு என்ன பொருள்? வெள்ளைப் பையன் சுட்டால், ‘நல்ல பிள்ளை, எது கெடுத்தது?’ என்று வெளியே காரணம் தேடுகிறார்கள். கறுப்பினப் பையனுக்கு அந்தத் தேடல் தேவைப்படுவதில்லை. அவன் பிறப்பே காரணம் என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள். பிறப்பை வைத்துக் குணத்தை அளக்கும் இந்தக் கணக்கு நமக்குப் புதிதா, தோழர்களே?

அறிவியல் என்ன சொல்கிறது? கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்தோடு இந்த விளையாட்டுகளுக்குச் சிறிய தொடர்பு உண்டு என்று அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் சொன்னது. ஆனால் கொலை போன்ற வன்முறைக்கு விளையாட்டைக் காரணமாக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றும் அதே சங்கம் சொன்னது. சிறுவர்களுக்கு இவற்றை விற்கத் தடை விதித்த கலிஃபோர்னியா சட்டத்தை, 2011இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் ரத்து செய்தது.

நம் நாட்டில் தடை எப்படி வேலை செய்தது? 2019 மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட் காவல்துறை பப்ஜிக்குத் தடை போட்டது. கைதானவர்களில் கல்லூரி மாணவர்களும் இருந்தார்கள். செல்போனில் விளையாடியதுதான் குற்றம்.

இனி நாங்குநேரிக்கு வாருங்கள். 2023 ஆகஸ்டில் ஒரு தலித் மாணவரையும் அவருடைய தங்கையையும், அதே பள்ளியில் படித்த ஆதிக்கச் சாதி மாணவர்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறு கூடாது, பள்ளிப் பெயர்களில் உள்ள சாதியை நீக்க வேண்டும் என்றது அது. கயிற்றைக் கட்டிவிட்டவர்கள் பெரியவர்கள். பள்ளிக்குச் சாதிப் பெயர் வைத்தவர்களும் பெரியவர்களே. ‘இந்தக் காலத்துப் பிள்ளைகள் செல்போனால் கெட்டுவிட்டார்கள்’ என்ற பேச்சு அவர்களுக்கு எவ்வளவு வசதி!

விளையாட்டு நிறுவனங்களுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. வயது வரம்பு இருக்கட்டும். விளையாட்டுகளில் உள்ள பெண் இழிவையும் போர்வெறியையும் கடுமையாக விமர்சிப்போம். விமர்சனம் நம் உரிமை. தடை அரசின் ஆயுதம். அடுத்த முறை ஒரு கொலைக்கு விளையாட்டைக் கைகாட்டுகிறவரிடம் கேளுங்கள்: ஐயா, செத்தவர் யார்? கொன்றவன் யார்? எதற்காகக் கொன்றான்?