சினை இருக்கா தம்பி?



பொன்விழா மேடையில் ஒரு கருவாட்டு வியாபாரியைப் பேசச் சொன்னால் அவன் கருவாட்டைத்தான் பேசுவான். அதில் ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

"சினை இருக்கா தம்பி?" என்று கேட்டு ஸ்ரீ கெம்பாங்கானில் என் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் "தெலுர் ஈக்கான்" என்பார்கள். பொருள் ஒன்றுதான். மீன் வயிற்றிலிருந்து கிழியாமல் எடுத்து, உப்பிட்டு, உலர்த்திய முட்டைப் பை. சினை சாதாரணச் சொல் அல்ல. சினை ஆடு, சினை மாடு என்கிறோம். மரக்கிளைக்கும் சினை என்று பெயர். முழுப்பொருளை முதல் என்றும் அதன் உறுப்பைச் சினை என்றும் தொல்காப்பியம் சொல்கிறது.

ஆங்கிலத்திலும் இதற்கு ஒரு பழஞ்சொல் உண்டு: போட்டார்கோ. லண்டனில் கடற்படை அலுவலகத்தில் வேலை பார்த்த சாமுவேல் பெப்பீஸ், 1661 ஜூன் 5 அன்று இதை ரொட்டி வெண்ணெயோடு சாப்பிட்டதாக நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். (கூடவே என்ன குடித்தார் என்பது நமக்கு வேண்டாம்.) இன்று வெள்ளைக்காரர்களே அந்தச் சொல்லை மறந்து, இத்தாலியரைப் போலப் பொத்தார்கா என்கிறார்கள். இத்தாலியருக்கு அது அரபியிலிருந்து போனது. அரபியில் பதாரிக். அரபிக்கு எகிப்தின் கிப்திகள் வழியாக வந்தது. கிப்திகளுக்குக் கிரேக்கர் கொடுத்தது. உப்பிட்ட முட்டை என்பதுதான் மூலப் பொருள். ஒரு சரக்கு எத்தனை துறைமுகம் ஏறி இறங்கியது என்பதற்கு இன்வாய்ஸ் தேவையில்லை, பெயரே போதும்!

அங்கெல்லாம் பெரும்பாலும் மடவை மீனின் சினைதான். உப்பிட்டு, பலகைக்கு நடுவில் அழுத்தி, காயவைத்து, சில இடங்களில் தேன்மெழுகும் பூசுவார்கள். தைவானில் மடவைச் சினை சீனப் புத்தாண்டுக்குப் பரிசுப் பொருள்.

நம் பக்கத்தில் பேர்போனது தெருபோக். தமிழ்நாட்டில் உல்லம், வங்காளத்தில் இலிஷ் என்கிற மீனுக்குச் சொந்தக்காரன். சரவாக் ஆறுகளில் ஒரு வகை. மலாக்கா நீரிணைக்கு அக்கரையில், பெங்காலிசில், இன்னொரு வகை. தெருபோக்கை வைத்து மலாய்க்காரர்கள் ஒரு ஷாயிரே பாடியிருக்கிறார்கள். பெங்காலிஸ் தெருபோக் சினைக்கு ஒரு காலத்தில் பெரிய சந்தை இருந்தது. இப்போது அந்த மீனே அரிது.

ஏன் அரிதானது? தெருபோக் முதலில் ஆணாக வளரும். பிறகுதான் பெண்ணாக மாறும். ஆகவே பெரிய மீன் என்றால் பெண் மீன். அவை முட்டையிட ஆற்று முகத்துக்குக் கூட்டமாக வரும் நேரத்தில்தான் வலை போடுகிறார்கள். மீனை விடச் சினைக்கு விலை அதிகம். விலை ஏற ஏற, முட்டையிட வேண்டிய மீனே முதலில் பிடிபடுகிறது. பாலிடெக்னிக்கில் எனக்குப் பம்பும் மோட்டாரும்தான் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனாலும் இந்தக் கணக்கு எந்தப் பக்கம் போகும் என்று தெரிகிறது.

அதனால் இரண்டு வருடமாகத் தெருபோக் சினையை நான் எடுப்பதில்லை. இதில் சிலருக்கு என்மேல் வருத்தம். "உன் வாப்பா இருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பார்" என்று ஒரு பெரியம்மா நேராகவே சொன்னார்கள். உண்மைதான், கொடுத்திருப்பார். அவர் காலத்தில் மீனும் இருந்தது. நான் மட்டும் நிறுத்தினால் கடலில் ஒன்றும் மாறாது, பக்கத்துக் கடைக்காரருக்குத்தான் லாபம் என்பதும் தெரியும். இருந்தும், என் மகன் கடைக்கு வரும் வயதில் "தெருபோக்" என்பது ஷாயிரில் மட்டும் இருக்கிற பெயராகிவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

மடவைச் சினையும் தெங்கிரிச் சினையும் கடையில் இருக்கின்றன. இன்றும் கொஞ்சம் பொரித்துப் பின்னால் சாப்பாட்டு மேசையில் வைத்திருக்கிறேன். உப்புத் தூக்கலாக இருக்கும், சோற்றோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் மட்டும் "சினை" என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். பரிமாறுகிறவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.