சீட்டு எழுதுபவரும் சோதனைக்கூடமும்
(பேலியகொடையில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



புறக்கோட்டையிலிருந்து இவ்வூருக்கு மாற்றப்பட்ட மானிங் சந்தைக்கு மரக்கறி அனுப்பும் கமக்காரர், தமக்குரிய பணத்தில் தரகு எவ்வளவு கழிகிறதென்று அறிவர். கூடுதலாய்க் கழித்தால் சண்டையிடுவர். அடுத்த கடைக்குப் போவர். அதே கமக்காரர் நெஞ்சு நோவென்று வைத்தியரிடம் செல்கின்றார். இரத்தம், சிறுநீர், ஸ்கேன் என்று சீட்டு எழுதப்படுகின்றது. இன்ன இடத்தில் செய்து வருமாறு சொல்லப்படுகின்றது. அந்த இடத்தில் வைத்தியருக்குப் பங்குண்டா? கமக்காரர் அறியார்; கேட்க நாவும் எழாது.

வைத்தியர்களைத் தூற்ற நாம் வரவில்லை. நேர்மையாளர் பலரை நாம் அறிவோம். எனினும், சோதனை தேவையா என்று தீர்ப்பவரே அதனால் இலாபமும் அடைவாராயின், வழக்காளி நீதிபதியின் ஆசனத்தில் அமர்ந்தது போலாகும் அன்றோ?

அமெரிக்காவில் பீட் ஸ்டார்க் என்னும் காங்கிரஸ் உறுப்பினர் 1988 இல் இதற்கொரு மசோதா கொண்டுவந்தார். 1989 இல் அது சட்டமாயிற்று. தமக்கோ தம் குடும்பத்தாருக்கோ பணத்தொடர்புள்ள இரத்தச் சோதனைக்கூடத்துக்கு மெடிகேர் நோயாளரை வைத்தியர் அனுப்புதல் 1992 முதல் தடையாயிற்று. 1995 முதல் எக்ஸ்றே போன்றவற்றுக்கும் தடை விரிந்தது. வைத்தியரின் உள்நோக்கத்தை எவரும் நிரூபிக்க வேண்டியதில்லை. தடையை மீறிய சோதனைக்குப் பணமில்லை. இதுவே அச்சட்டத்தின் பலம். ஆனால், தம் சொந்த வைத்திய நிலையத்துள்ளே செய்யும் சோதனைகளுக்கு விலக்களித்தமையால் ஓர் ஓட்டை விழுந்தது. இயந்திரத்தை வாங்கி உள்ளே வைத்தாற் போதுமென்றாயிற்று!

இந்திய மருத்துவ மன்றத்தின் 2002 ஆம் ஆண்டு விதிகள், நோயாளரை அனுப்புவதற்குத் தரகு வாங்குவதைத் தடுத்தன. தரகை மட்டும் தடுத்தால், அது இலாபப் பங்கு என்னும் வேடத்தில் வரும்.

இலங்கையிலோ, தனியார் மருத்துவ நிறுவனங்களுக்கான 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் பதிவையும் கண்காணிப்பையும் பேசுகின்றது. சீட்டெழுதும் வைத்தியர் அங்கே பங்காளியாயிருப்பதை அது தடுக்கவில்லை. 2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் தட்டுப்பாடு வந்தபோது, வெளியே சோதனை செய்யப் பணம் தேடி அலைந்தோர் நம் மக்களே.

ஊருக்கு ஒரேயொரு சோதனைக்கூடம், அதுவும் வைத்தியருடையது என்றால் என் செய்வது என்பாருளர். நியாயமான கேள்வி. அமெரிக்கச் சட்டமும் கிராமப்புறத்துக்கு விலக்களிக்கிறது. வன்னிக்கும் அவ்விலக்கு இருக்கட்டும். ஆனால் பங்கு இன்னதென்று சீட்டிலேயே தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட வேண்டும். கொழும்பிலே அவ்விலக்குக்கு இடமில்லை. அரசாங்கம் இத்திருத்தத்தைக் கொண்டுவராவிடின், நம் பிரதிநிதிகள் தனி உறுப்பினர் சட்டமூலமாகவேனும் பாராளுமன்றத்தில் வைக்குமாறு கேட்கின்றோம்.