திருத்தம் கேட்ட கட்டுரை திரும்பி வருவது ஏன்?



நம் குடியிருப்புப் பிள்ளைகள் சிலர் மருத்துவம் கற்று ஆராய்ச்சியும் செய்கின்றனர். "திருத்தி அனுப்புக" என்று மருத்துவ இதழொன்று எழுதியதும் வீடே மகிழ்கிறது. பல மாதம் உழைத்துத் திருத்தி அனுப்பிய பின், "ஏற்பதற்கில்லை" என்று மறுமொழி வந்தால், அநீதி நேர்ந்துவிட்டதென்று மனம் வெதும்புகிறோம். இதன் காரணத்தை நாம் அறிந்துகொள்ளுதல் நன்று.

திருத்தம் கேட்பது ஏற்றுக்கொண்டதாகாது. காத்திருப்போர் பட்டியலில் உள்ள பயணச்சீட்டைப் போன்றது அது. படுக்கை இன்னும் உறுதியாகவில்லை.

கட்டுரையைத் துறை வல்லுநர் இருவர் மூவர் படித்துக் குறை கூறுவர். எழுதியவர் எளிய குறைகளைக் களைந்து, கடினமானவற்றைத் தொடாது விடுவதுண்டு. இது முதற் காரணம். நோயாளரின் வயது வேறுபாட்டையும் கருதி மீண்டும் கணக்கிட்டால், மருந்தினால் விளைந்ததாகக் கண்ட நன்மையே மறைந்துவிடுவதும் உண்டு. இது இரண்டாவது. ஒப்பிட்டுப் பார்க்க, அம்மருந்து பெறாத நோயாளர் குழுவே இல்லாத ஆய்வை எழுதுகோலால் சீர்செய்ய இயலாது. இது மூன்றாவது.

இதழாசிரியர் பக்கமும் பிழை உண்டு. முதலிலேயே தெரிந்த தீராக் குறைக்குத் திருத்தம் கேட்பது, இளைஞரின் காலத்தை வீணாக்குவதாகும்.

எனினும் கண்டிப்பு வேண்டியதே. 1823-இல் தோன்றிய 'லான்செட்' இதழ், 2020 மே 22 அன்று ஒரு கட்டுரை வெளியிட்டது. ஏறத்தாழ 96,000 கொரோனா நோயாளரின் விவரங்களைக் காட்டி, ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து தீங்கு பயப்பதாக அது கூறிற்று. மே 25 அன்று, அம்மருந்தின் சோதனையை இடைநிறுத்தியதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மூல விவரங்களைச் சரிபார்க்க இயலாமற் போகவே, ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அச்சேறிய பின் திரும்பப் பெறுவதினும், அச்சேறுமுன் மறுப்பது நலமன்றோ?

ஆகவே, நம் பிள்ளைகள் ஒவ்வொரு குறைக்கும் வரிசையாக விடையெழுதட்டும். இயலாததை இயலாதென்று காரணத்துடன் கூறட்டும். மறுக்கப்பட்டால், வல்லுநர் சொன்னவற்றைக் கொண்டு கட்டுரையைச் செம்மையாக்கி வேறோர் இதழுக்கு அனுப்பட்டும். பெற்றோராகிய நாம் அவர்களைக் கடிந்துகொள்ளாது, அடுத்த முயற்சிக்குத் துணைநிற்போமாக.