வாசித்தபின் ஒப்பமிடுக

ஆசிரியப் பணிக்காக அமீரகம் செல்லவிருக்கும் சகோதர சகோதரிகளே!

அங்குள்ள தனியார் பள்ளி ஆசிரியர்களில் பலரது வசிப்பு அனுமதி, வேலை தரும் பள்ளியையே சார்ந்தது. வேலை போனால் அனுமதியும் போகும். எனவே ஒப்பந்தமே உங்கள் காப்பு.

பணிவாய்ப்புக் கடிதத்தை அரபி, ஆங்கிலத்துடன் தமிழிலும் கேட்டுப் பெறலாம். பின்னர் வரும் ஒப்பந்தம் அதற்கு ஒத்திருத்தல் வேண்டும். 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டப்படி, தகுதிகாண் பருவம் 6 மாதத்தைத் தாண்டலாகாது; ஆள்சேர்ப்புச் செலவை உங்களிடம் வாங்கலாகாது; கடவுச்சீட்டைப் பிடித்து வைக்கலாகாது.

‘சுற்றுலா விசாவில் வந்து வேலையைத் தொடங்குங்கள், பிறகு மாற்றித் தருகிறோம்’ என்போரை நம்பாதீர்கள். அவ்விசாவில் பணிபுரிவது குற்றம்.

கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளப் பணித்த மார்க்கம் நம்முடையது. எழுதியதை வாசிப்பதும் நம் கடமையன்றோ!