வலை யாருடையது?

(ஓலைத்தொடுவாயில், சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சமயம் பற்றியும் ஒழுக்கம் பற்றியும் உரை கேட்டுப் பழகிய நமது சங்கத்தில், இவ்வாண்டு கணினிக் குழுக்களைப்பற்றிப் பேசப்போகிறோம் என்றவுடன் மூத்தவர் சிலர் புருவத்தை உயர்த்தினார்கள். அது நியாயமே. எனினும் ஒன்றை நினைத்துப் பார்க்கவேண்டும். திருவிழா உபயகாரர் யார், அன்னதானத்துக்கு அரிசி எத்தனை மூடை, ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கும் நம்மவர் அனுப்பிய தொகை எவ்வளவு, அஃது எதற்குச் செலவாயிற்று என்பவையெல்லாம் முன்னாளில் சங்கத்தின் கூட்டக் குறிப்புப் புத்தகத்திலே மையால் எழுதப்பட்டன. இன்று அவை கைத்தொலைபேசிக் குழுக்களிலே பேசித் தீர்க்கப்படுகின்றன. புத்தகம் சங்கத்து அலுமாரியில் இருந்தது. குழுவிலே எழுதியது எவருடைய அலுமாரியில் இருக்கின்றது? இந்தக் கேள்வியைத்தான் இன்று எடுத்துக்கொண்டோம்.

கரையிலே வாழும் நமக்கு இதை விளக்க நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. கரைவலை இழுப்பவர் எத்தனை பேராயினும் வலை சம்மாட்டியுடையது. அவர் வலையைச் சுருட்டி வேறு கரைக்குக் கொண்டுபோனால், இழுத்தவர் கையிலே கயிற்றுத் தழும்பு மாத்திரமே மிஞ்சும். சொந்தமாக ஒரு சிறு வலை வைத்திருப்பவனுக்கு மீன் குறைவாகப் படலாம். ஆனால் அந்த அச்சம் அவனுக்கு இல்லை. கணினி வழியே கூடிப் பேசும் குழுக்களிலும் இவ்விரு வகை உண்டு. சொந்த வலை முந்தியது. சம்மாட்டி வலை பிந்தியது.

1979 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்து மாணவர்களான தொம் ட்ரஸ்கொற், ஜிம் எலிஸ் என்னும் இருவரும், அயலிலிருந்த வட கரோலினாப் பல்கலைக்கழகத்து ஸ்ரீவ் பெலோவின் என்பவரும் சேர்ந்து ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். ஒரு கணினி மற்றொரு கணினியைத் தொலைபேசியில் அழைக்கும். கட்டணம் குறைந்த இரவு வேளையில் அழைக்கும். தன்னிடம் புதிதாக வந்த கடிதங்களைக் கொடுத்து, அங்கே உள்ள புதியவற்றை வாங்கிக்கொள்ளும். அவ்வளவுதான். அதுவே யூஸ்நெற் எனப் பெயர் பெற்று உலகெங்கும் பரவிற்று. அதற்குத் தலைமையகமும் இல்லை, முதலாளியும் இல்லை. ஒருவர் எழுதிய கடிதம் ஒவ்வொரு கணினியிலும் ஒரு படியாகத் தங்கி, அங்கிருந்து அடுத்ததற்குப் போகும். பொருள்வாரியாகப் பிரித்த செய்திக்குழுக்கள் அதிலே ஆயிரக்கணக்கில் எழுந்தன.

இக்குழுக்களை வாசிப்பதற்கென்றே தனி மென்பொருள் உண்டு. 1984 இல் லாரி வால் என்பவர் எழுதிய 'ஆர்என்' என்பது அவற்றிலே புகழ்பெற்ற ஒன்று. பிற்காலத்தில் பல வந்தன. இன்று இலவசமாகக் கிடைக்கும் தண்டர்பேர்ட்டும் இவ்வேலையைச் செய்யும். இந்த வாசிப்பான் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்று நின்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் விஷயம் அதிலேதான் இருக்கிறது. ஒவ்வொரு கடிதத்துக்கும் உலகில் வேறெதற்கும் இல்லாத ஓர் அடையாள எண் உண்டு. மறுமொழி எழுதுபவர் எதற்கு மறுமொழி எழுதுகிறார் என்பதும் அக்கடிதத்தின் தலைப்பிலேயே பதிந்திருக்கும். வாசிப்பான் இவற்றைக் கொண்டு, கேள்வியின் கீழ் விடை, விடையின் கீழ் மறுப்பு என்று கிளைகிளையாக அடுக்கித் தரும். நாம் எதுவரை வாசித்தோம் என்பதை நமது கணினியிலேயே ஒரு சிறு குறிப்பாக எழுதிவைக்கும். வீண் வம்பு பேசுபவர் ஒருவரின் கடிதம் நம் கண்ணிலே படவேண்டாம் என்று நாம் சொல்லிவைத்தால், அது நமக்கு மாத்திரம் படாது, ஏனையோருக்குப் படும். அவர் வாயை நாம் அடைக்கவில்லை. நமது காதைப் பொத்திக்கொண்டோம். ஊர்ச்சண்டை கண்டவர்களுக்கு இந்த வேறுபாட்டின் அருமை விளங்கும்.

இன்னுமொன்று. தொலைபேசியை இணைத்து, கடிதங்களை இறக்கிக்கொண்டு, இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஆறுதலாக இருந்து வாசிக்கலாம். மறுமொழிகளை எழுதிவைத்து அடுத்த முறை ஒன்றாக அனுப்பலாம். நிமிடக் கணக்கில் தொலைபேசிக்குப் பணம் கட்டியவர்களுக்கு இது எத்தனை பெரிய உதவி! அன்றியும், இறக்கிய கடிதம் இறக்கியவருடையது. அனுப்பிய கணினி எரிந்தாலும் அது போகாது.

1990 களிலே அங்கு தமிழர் கூடினார்கள். சொக்.கல்ச்சர்.தமிழ் என்றொரு குழு, சொக்.கல்ச்சர்.ஸ்ரீலங்கா என்றொரு குழு. தமிழ் எழுத்து கணினியில் ஒழுங்காக நில்லாத காலமாகையால், ஆங்கில எழுத்திலே தமிழை எழுதினார்கள். இலக்கியமும் உண்டு, இலட்சணமான வசையும் உண்டு. தமிழ் எழுத்திலேயே மின்னஞ்சல் எழுதவேண்டும் என்னும் வேட்கை கொண்டவர்கள், அவுஸ்திரேலியாவிலிருந்து பாலா பிள்ளை அவர்கள் 1995 இல் தொடங்கிய தமிழ்.நெற் என்னும் அஞ்சற் குழுவிலே சேர்ந்தார்கள். மலேசியாவின் முத்து நெடுமாறன் அவர்களின் முரசு அஞ்சலும், சுவிற்சர்லாந்திலிருந்த கல்யாணசுந்தரம் அவர்களின் மயிலை எழுத்துருவும் அதற்குத் துணைநின்றன. 1998 ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாட்டுத் தொண்டர்கள் மின்னஞ்சலிலே தொடர்புகொண்டு, நம் பழைய நூல்களைத் தட்டச்சுச் செய்து, மெய்ப்புப் பார்த்து, எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ள வைத்த பெருந்தொண்டு. அவர்களிற் பெரும்பாலோர் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டவர் அல்லர்.

அந்த ஆண்டுகளில் நாம் எங்கே இருந்தோம் என்பதைப் பெரியோருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. 1990 க்குப் பின்னர் வடபகுதியிலே மின்சாரமும் தொலைபேசியும் அற்றுக்கிடந்தன. விளக்குக்கு மண்ணெண்ணெய் தேடிய நாட்களிலே, நம்மைப்பற்றியும், நம் கரையைப்பற்றியும், நமக்கு எது நல்லது என்பதைப்பற்றியும் உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஆயிரக்கணக்கான கடிதங்கள் அக்குழுக்களில் எழுதப்பட்டன. பேசப்பட்டவர்களாகிய நாம் ஒரு வரியும் வாசிக்கவில்லை. இன்று நம் பிள்ளைகள் அதை வாசிக்க விரும்பினால் எங்கே போவது? இங்கேதான் சம்மாட்டியின் கதை வருகிறது.

உலாவியிலே ஒரு பக்கத்தைத் திறந்து, வேறு மென்பொருள் எதுவுமின்றிக் குழுக்களை வாசிக்கும் வசதியை 1995 இல் டெஜா நியூஸ் என்னும் கொம்பனி தந்தது. 2001 பெப்ரவரியில் கூகிள் கொம்பனி அதை, ஏறத்தாழ 50 கோடிக் கடிதங்களோடு, விலைக்கு வாங்கிற்று. அவ்வாண்டு டிசம்பரில், 1981 முதலான பழைய கடிதங்களையும் சேர்த்து, 70 கோடிக் கடிதங்கள் கொண்ட பண்டகசாலையைத் திறந்தது. நல்ல காரியம், மறுப்பார் இல்லை. ஆனால் அந்தப் பழைய கடிதங்கள் எங்கிருந்து வந்தன என்பதைக் கேளுங்கள். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் விலங்கியற் பகுதியிலே கணினி பார்த்த ஹென்றி ஸ்பென்சர் என்பவர், தம் கணினிக்கு வந்த கடிதங்களை 1981 தொடக்கம் பத்தாண்டுகளாகக் காந்த நாடாக்களிலே படியெடுத்து வைத்திருந்தார். 141 நாடாக்கள், இருபது இலட்சம் கடிதங்கள். படி அவர் வீட்டுத் திண்ணைவரை வந்ததனால் அவரால் வைக்க முடிந்தது. எல்லாக் கடிதமும் ஒரே கொம்பனியின் அறையிலே இருந்திருந்தால் ஸ்பென்சர் எதைப் படியெடுத்திருப்பார்?

வலைப்பக்க வழியே வந்தவர்கள் செய்த கூத்துகளும் உண்டு. பத்தாண்டுக்கு முந்திய கடிதத்தைத் தேடிப்பிடித்து, அது நேற்று வந்ததென்று எண்ணி மறுமொழி எழுதுவார்கள். எழுதியவர் ஆளே இல்லாமலும் போயிருப்பார்! பின்னர் விளம்பரக் குப்பை பெருகிற்று. 2024 பெப்ரவரி 22 ஆம் நாள் தொடக்கம், தன் வலைப்பக்கத்தின் வழியே யூஸ்நெற்றிலே எழுதவும் புதியவற்றை வாசிக்கவும் இனி முடியாது என்று கூகிள் வாயிலை மூடிவிட்டது. முந்திய கடிதங்களைத் தேடி வாசிக்கலாம், அவ்வளவே. வாசிப்பான் வைத்திருந்தவர்களுக்கு அன்று எதுவும் நிகழவில்லை. வேறொரு வழங்கியின் பெயரைக் கொடுத்து அவர்கள் தொடர்ந்து வாசிக்கிறார்கள், எழுதுகிறார்கள்.

யாகூ கொம்பனியின் கதை இதனினும் கொடிது. 2000 களின் தொடக்கத்திலே தமிழ் எழுதுவோரெல்லாம் அங்கே கூடினார்கள். ராயர் காப்பி கிளப், மரத்தடி என்னும் குழுக்களின் பெயர் இன்றும் பலருக்கு நினைவிருக்கும். 2019 ஒக்டோபரில் அக்கொம்பனி ஓர் அறிவித்தல் விட்டது. சில மாதங்களுக்குள் குழுக்களின் பழைய கடிதங்களும் படங்களும் அழிக்கப்பட்டன. 2020 டிசம்பர் 15 இல் குழுக்களே மூடப்பட்டன. தில்லையிலே பூட்டிய அறைக்குள் தேவார ஏடுகளைச் செல்லரித்த வரலாற்றை நாம் படித்திருக்கிறோம். செல்லாவது ஒரு பகுதியை மிச்சம் வைத்தது. யாகூ குழுக்களின் கடிதங்களை மின்னஞ்சலிலே பெற்றுத் தம்மிடம் வைத்திருந்தவரிடம் அவை பிழைத்தன. வலைப்பக்கத்திலே பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தவரிடம் ஒன்றுமில்லை.

நமக்கு மிக அருகிலேயே ஒரு சான்று உண்டு. மாந்தையிலே திருக்கேதீச்சரத்தைப் போர்த்துக்கேயர் இடித்தார்கள். கோயில் மண்மேடாயிற்று; காடு மூடிற்று. ஆனால் சம்பந்தரும் சுந்தரரும் அத்தலத்தைப் பாடிய பதிகங்களை இடிக்க அவர்களால் ஆகவில்லை. ஏனெனில் அவை மாந்தையில் மாத்திரம் இருக்கவில்லை. கடலுக்கு அப்பால் எத்தனையோ மடங்களிலும் வீடுகளிலும் ஓலைகளில் இருந்தன. ஓதுவார் நாவிலே இருந்தன. 1872 இல் நாவலர் பெருமான் அத்தலத்தைப் புதுக்கவேண்டுமென்று சைவமக்களுக்கு விண்ணப்பித்தபோது, அங்கே ஒரு கோயில் இருந்தது என்பதற்கு அப்பதிகங்களே முதற் சாட்சி. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் படியில்லாத ஏடுகள் போயே போயின. அந்தப் பாடத்தைக் கற்றவர்கள்தாம் 2005 இல் நூலகம் என்னும் இணைய நூலகத்தைத் தொடங்கி, ஈழத்து நூல்களையும் மலர்களையும் படமெடுத்து எவரும் இறக்கிக்கொள்ள வைத்தார்கள். இறக்கிக்கொள்ள வைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். எட்டி நின்று பார்க்க மாத்திரம் அல்ல.

இனி, வலைப்பக்கத்தையும் கைத்தொலைபேசிக் குழுக்களையும் விலக்கவேண்டும் என்று நாம் சொல்வதாக எவரும் எண்ணவேண்டாம். வழங்கியின் பெயரும் கதவிலக்கமும் கொடுத்து வாசிப்பானை ஆயத்தம் செய்வது எல்லாருக்கும் ஆகிற காரியமன்று. யூஸ்நெற் படித்தவர்களின் முற்றமாகவே பல காலம் இருந்தது. நம்மூர்த் தாய்மார்கள் கடல் கடந்த பிள்ளைகளோடு தமிழிலே எழுதியும் பேசியும் படம் பார்த்தும் மகிழ்வதற்கு வழி செய்தவை இந்த எளிய வாயில்களே. இதை மறந்து பழமையைப் போற்றுவது வெறும் வீம்பு. பேசுவதற்கு எளியது இருக்கட்டும். ஆனால் சங்கத்தின் தீர்மானமும், கோயிற் கணக்கும், ஊர்ப் பெரியவர் ஒருவர் கிணறு வெட்டிய கதையைப் பேரனுக்குச் சொல்லிப் பதிந்த குரலும் ஒரு கொம்பனியின் அறையிலே மாத்திரம் கிடப்பதற்கு நாம் இணங்கக்கூடாது. தொலைபேசி கடலில் விழுந்தால் போயிற்று. கொம்பனி மனம் மாறினாலும் போயிற்று. எழுதும் ஓலையைத் தன் பெயரிலேயே சுமக்கிற ஊர் நமது ஊர்.

ஆகவே செயற்குழு ஓர் ஏற்பாட்டுக்கு இசைந்திருக்கிறது. சங்கக் கணினியிலே தண்டர்பேர்ட்டை நிறுவி, சங்கத்துக்கு வரும் மின்னஞ்சல் அனைத்தையும் இறக்கி வைப்பதற்கு நம் வாலிபர் இருவர் முன்வந்துள்ளார்கள். வாட்ஸ்அப் குழுவின் உரையாடலை ஒரு கோப்பாக வெளியே எடுக்கும் வசதி அச்செயலியிலேயே உண்டு. மாதந்தோறும் பூரணையன்று அதை எடுத்து, ஒரு படி சங்கக் கணினியிலும், ஒரு படி வாசிகசாலையிலே தனித் தட்டிலும், ஒரு படி வெளிநாட்டிலுள்ள நம் உறுப்பினர் ஒருவரிடமும் வைப்பதென்பது முடிவு. தீர்மானங்கள் மாத்திரம் கடதாசியில் அச்சாகிக் குறிப்புப் புத்தகத்திலே ஒட்டப்படும். வீட்டு விஷயங்களும் வம்புகளும் கலந்திருக்குமாதலால், எதை வைப்பது எதை நீக்குவது என்பதைப் பெரியவர் இருவரும் தாய்மார் ஒருவரும் இருந்து பார்ப்பார்கள். யார் அந்தப் பெரியவர்கள் என்பதிலே இன்னும் இணக்கம் ஏற்படவில்லை. அதை இக்கூட்டம் முடிவதற்குள் தீர்த்துக்கொள்வது உத்தமம்.

வருகிற பூரணையன்று மாலைப் பூசை முடிந்தபின் முதல் முறையாக இதைச் செய்வோம். குழுக்களை நடத்துவோர் தத்தம் கைத்தொலைபேசியோடு மின்னேற்றியையும் கொண்டுவரவேண்டும். பழைய கடிதங்களும் கூட்டக் குறிப்புகளும் வீட்டுப் பெட்டிகளில் உள்ளவர்கள் அவற்றையும் கொண்டுவந்தால், படமெடுத்துக்கொண்டு அப்பொழுதே திருப்பித் தருவோம்.