தங்கம் யாருக்கு? விஷம் யாருக்கு?

(விரிஞ்சிபுரத்தில் தோல் பதனிடும் தொழிலாளரும் காயலான் கடைத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் சாரம்)



மதிலழகுக்குப் பேர் போன ஊர் இது. ஆனால் கோயில் மதிலைப் பற்றிப் பேச நாம் இங்கே கூடவில்லை. உழைப்பவனுக்கும் உழைப்பவனுக்கும் நடுவே நிற்கிற இன்னொரு மதிலைப் பற்றிப் பேசவே கூடியிருக்கிறோம்.

உடைந்த செல்போன், எரிந்த மிக்சி, பழைய டி.வி., கம்ப்யூட்டர் இவற்றையெல்லாம் மின்னணுக் கழிவு என்கிறார்கள். 2022-ல் மட்டும் உலகம் 6 கோடியே 20 லட்சம் டன் இப்படித் தூக்கி எறிந்தது என்பது ஐ.நா. கணக்கு. இதில் முறையாகச் சேகரித்துப் பிரித்ததாகப் பதிவானது நூற்றுக்கு 22 பங்குதான். மீதியில் பெரும் பங்கு யார் கைக்கு வருகிறது? பேர் தெரியாத ஏழைகளின் கைக்குத்தான் வருகிறது.

அந்தக் கைகள் எல்லாம் ஒன்றுபோல் இருக்கின்றனவா? இல்லை. குப்பைமேட்டில் பொறுக்குகிற பெண் அடிப்படியில் இருக்கிறாள். தள்ளுவண்டிக்காரன் அவளுக்கு ஒரு படி மேலே. அவனுக்கு மேலே காயலான் கடைக்காரர், அவருக்கும் மேலே நகரத்து மொத்த வியாபாரி, எல்லோருக்கும் மேலே உலோகத்தை உருக்கி விற்கிற முதலாளி. படி ஏற ஏற லாபம் ஏறுகிறது. படி இறங்க இறங்க விஷம் இறங்குகிறது. ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுப்பவன் நச்சுப் புகையைக் குடிக்கிறான். திராவகத்தில் பலகையை முக்குபவன் விரல் வெந்துபோகிறது. ஈயம் பெரியவர்களை விடப் பிள்ளைகளின் மூளையைத்தான் அதிகம் தாக்குகிறது. டில்லி சீலம்பூரின் சந்துகளில் இந்த வேலையைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஏழை முஸ்லிம்கள். வீட்டில் உட்கார்ந்து உதிரி பிரிக்கிற பெண்ணை அங்கே தொழிலாளி என்றுகூட யாரும் எண்ணுவதில்லை.

இது நமக்குப் புதிய கதையா? தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கியவன் யார்? கணக்குப் புத்தகத்தோடு நாற்காலியில் உட்கார்ந்தவன் யார்? நாற்றமடிக்கிற வேலைக்கு ஜாதி பார்த்து ஆள் வைத்தார்கள். 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது சேறு பாய்ந்து 10 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆகக் கடைசிப் படியில் இருப்பவன் மீதுதான் சேறு முதலில் விழுகிறது.

நம் பாட்டன்மார் இந்த வட ஆற்காடு ஜில்லாவிலிருந்து கோலார் தங்க வயலுக்குப் போனார்கள். பத்தாயிரம் அடிக்கும் கீழே இறங்கித் தங்கம் எடுத்தார்கள். தங்கம் கடல் கடந்தது. நுரையீரலில் படிந்த தூசி மட்டும் ஊருக்கு வந்தது. 2001-ல் அந்தச் சுரங்கத்தை மூடினார்கள். இன்று ஒரு டன் தாதுவில் இருப்பதைக் காட்டிலும் ஒரு டன் பழைய சர்க்யூட் பலகையில் அதிகத் தங்கம் இருக்கிறது. சுரங்கம் குப்பைமேட்டுக்கு இடம் மாறியிருக்கிறது. அதில் இறங்குகிறவர்கள் மட்டும் மாறவில்லை!

1930-ல் கம்பெனி கைரேகை கேட்டபோது, "நாங்கள் குற்றவாளிகளா?" என்று தங்க வயல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். இன்றைய நிலை அதற்கு நேர்மாறு. இந்தத் தொழிலாளியின் பேர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பேர் இல்லாதவன் காயம் பட்டால் யாரிடம் நஷ்டஈடு கேட்பான்?

சட்டம் இல்லாமல் இல்லை. 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள மத்திய சர்க்காரின் விதிகள், பொருளைத் தயாரித்த கம்பெனியே கழிவுக்கும் பொறுப்பு என்கின்றன. கம்பெனி என்ன செய்கிறது? பதிவு பெற்ற ஆலையிடம் சான்றிதழை விலைக்கு வாங்கிக் கடமை தீர்ந்தது என்கிறது. அந்தச் சான்றிதழின் விலையில் பொறுக்கிய பெண்ணுக்குப் பங்கு உண்டா? அதே விதிகளில், இந்தத் தொழிலாளரை அடையாளம் கண்டு பதிவு செய்வதும், அவர்கள் குழுவாகச் சேர உதவுவதும், பயிற்சி தருவதும், உடல் நலத்தைக் கண்காணிப்பதும் மாநிலத் தொழிலாளர் துறையின் கடமை என்று எழுதியிருக்கிறது. அந்த எழுத்தை நாம் கையில் எடுக்க வேண்டும்.

ஆனால் தோழர்களே, நம் குறையையும் சொல்லியாக வேண்டும். உறுப்பினர் சேர்க்க நாம் தெருத் தெருவாகப் போனோம். தோல் ஷாப் தொழிலாளி வீட்டுக்குப் போனோம், பீடித் தொழிலாளி வீட்டுக்குப் போனோம். காயலான் கடைக்குப் பின்னால் இருந்த குடிசைகளை மட்டும் தாண்டிப் போய்விட்டோம். ஒரு தாய் எழுந்து வந்து, "ஏண்ணா, எங்க பேரை எழுத மாட்டீங்களா?" என்று கேட்டாள். நம்மிடம் பதில் இல்லை. முதலாளி கட்டிய மதில் நம் மனதிலும் இருந்திருக்கிறது. அவளைத் தாண்டிப் போன கால்கள் நம் கால்கள்தான்.

அதனால்தான் இன்று அந்தக் குடும்பங்களை இந்தக் கூட்டத்தின் முன்வரிசையில் உட்கார அழைத்தோம். நம் கோரிக்கைகள் நான்கு. தொழிலாளர் துறை வீடு வீடாக வந்து பேரைப் பதிவு செய்ய வேண்டும். நல வாரிய அட்டை பெண்ணின் பேரிலும் வேண்டும். கொளுத்துவதற்கும் திராவகத்துக்கும் பதிலாக, கையுறையும் இயந்திரமும் உள்ள பொதுக் கொட்டகை வேண்டும். கம்பெனி தருகிற பணத்தில் சேகரிப்பவர் கூலிக்குப் பங்கு வேண்டும்.

சர்க்கார் எழுதட்டும் என்று அதுவரை காத்திருக்க வேண்டாம். நம் சங்கத்தின் நோட்டுப் புத்தகம் இதோ மேஜைமேல் திறந்திருக்கிறது. அன்று நாம் எழுதாமல் விட்ட பேரை இன்று முதல் வரியில் எழுதுவோம்.

வாருங்கள் தாயே, உங்கள் பேரைச் சொல்லுங்கள்!