பறக்கும் காமிராவின் நடுக்கம்



விமானத் தொழிலுக்குப் பேர்போன ஊர் பெங்களூர். 1940-ஆம் ஆண்டிலேயே இங்கு விமானத் தொழிற்சாலை எழுந்துவிட்டது. இன்று அதே நகரில், கைப்பையில் அடங்கும் டிரோன் என்னும் குட்டி விமானத்தைப் பொழுதுபோக்காகப் பறக்கவிடும் இளைஞர் பலர் உள்ளனர். நம் தமிழ் இளைஞரும் அவர்களுள் உண்டு. விடுமுறையில் அதை ஊருக்கு எடுத்துச் சென்று, ஏரியையும் தென்னந்தோப்பையும் வானிலிருந்து படம்பிடித்துப் பாட்டிக்குக் காட்ட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. எடுத்த படமோ நடுங்குகிறது, அல்லது தொடுவானம் ஒருபக்கம் சாய்ந்து கிடக்கிறது. காமிராவைத் தாங்கும் கிம்பல் கெட்டுவிட்டது என்று உடனே தீர்ப்புக் கூறிவிடுகிறோம். அது பெரும்பாலும் அவசரத் தீர்ப்பு.

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை அறியாதார் யார்? அடி கனமாக இருப்பதால், எப்படித் தள்ளினாலும் அது நிமிர்ந்துகொள்ளும். பழைய கப்பல்களில் திசைகாட்டியை வளையத்துக்குள் வளையமாகத் தொங்கவிட்டதும் இதே உபாயந்தான். வளையங்கள் கப்பலோடு ஆட, திசைகாட்டி தன் கனத்தால் மட்டமாக நிற்கும். ஆனால் டிரோன் திடீரென வேகமெடுப்பதும் திடீரென நிற்பதுமாக இருப்பது. கனத்தை மட்டும் நம்பித் தொங்கவிட்டால் காமிரா ஊசலைப் போல் ஆடத் தொடங்கிவிடும். ஆகவே கிம்பலில் மூன்று சிறு மோட்டார்களை அமைத்திருக்கிறார்கள். உடல் எப்பக்கம் சாய்கிறது என்பதை நுண்ணுணர் கருவி ஒன்று இடைவிடாது அளந்து கூற, மோட்டார்கள் காமிராவை எதிர்ப்பக்கம் அவ்வளவே திருப்புகின்றன. இங்கே ஒன்று கவனிக்கத் தக்கது. மோட்டார்களுக்குத் திருத்தும் வேலைதான் உண்டு. சுமக்கும் வேலை இல்லை. லென்ஸின் முன்னால் கனமான கண்ணாடி ஒன்றை அலங்காரமாக மாட்டினால் எடைச் சமநிலை குலையும். மோட்டார் ஓயாமல் மல்லுக்கட்டிச் சூடேறும்.

தொடுவானம் சாய்ந்து தெரிகிறதா? டிரோனை மட்டமான தரையில் அசையாமல் வைத்து, அளவைச் சீர்செய்யும் கட்டளையைக் கொடுங்கள். கையில் பிடித்தபடியோ, புல்தரையில் வைத்தோ இதைச் செய்தல் கூடாது. கோணலான தரையையே அது மட்டமென்று கற்றுக்கொள்ளும். ஆனால் ஆடி மாதத்துப் பலத்த காற்றில் மட்டும் சாய்ந்தால் பழுதென்று எண்ண வேண்டாம். காற்றை எதிர்க்க உடல் மிகுதியாகச் சாயும்போது கிம்பலின் கைக்கு அதற்கு மேல் திரும்ப இடமிருப்பதில்லை. காற்று அடங்கட்டும்.

நடுக்கந்தான் அதிகம் ஏமாற்றுவது. படம், குளத்து நீரில் தெரியும் நிழலைப் போல் அலை அலையாக நெளிகிறது. பலர் கிம்பலைக் கழற்றத் திருகாணியைத் தேடுவது இந்த நேரத்தில்தான். குற்றம் கிம்பலில் இல்லாமல், நான்கு மூலைகளிலும் சுழலும் விசிறிகளில் இருக்கலாம். ஒரு விசிறி நிமிடத்துக்கு 6,000 முறை சுழல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் இலையின் நுனியில் நகக்கண்ணளவு சிதைவு இருந்தாலும், நொடிக்கு 100 முறை உடல் உதறும். காமிராவோ படத்தை ஒரே கணத்தில் வாங்குவதில்லை. மேலிருந்து கீழாக வரி வரியாக வாங்குகிறது. ஒவ்வொரு வரியும் சற்று விலகிப் பதிய, நேர்க்கோடு நெளிகோடாகிறது. இவ்வளவு விரைவான உதறலுக்கு மோட்டார் ஈடுகொடுக்காது. அதைத் தடுப்பதற்கென்றே கிம்பலுக்கும் உடலுக்கும் நடுவே சிறு ரப்பர்த் துண்டுகள் வைத்திருக்கிறார்கள். அவற்றுள் ஒன்று கழன்று விழுந்திருந்தாலும், வெயிலில் இறுகியிருந்தாலும் போதும், உதறல் நேரே காமிராவைச் சேரும். ஆகவே முதலில் இலைகளை விரலால் தடவிப் பாருங்கள், பிறகு ரப்பர்களை எண்ணுங்கள். இரண்டுக்கும் ஆகும் செலவு சொற்பம்.

மூன்றாவது புகார், இயக்கியவுடன் காமிரா வெட்டிவெட்டி இழுப்பது, அல்லது மோட்டாருக்குச் சுமை மிகுந்துவிட்டதென்று திரையில் எச்சரிக்கை தோன்றுவது. காப்பு மூடியைக் கழற்றாமலே இயக்கியிருப்பர் சிலர்! மூடி இல்லையெனில், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, காமிராவை மூன்று திசையிலும் விரலால் மெல்லத் திருப்பிப் பாருங்கள். தடையின்றிச் சுழல வேண்டும். நறநறவென்றால் மணல் புகுந்திருக்கிறது. மோட்டாரினுள் காந்தம் இருப்பதால் இரும்புத்தூள் எளிதில் ஒட்டிக்கொள்ளும். தடையின்றிச் சுழன்றும் இழுப்பு நிற்கவில்லையெனில் கை வளைந்திருக்கலாம். அல்லது காகிதம் போன்ற பட்டைக் கம்பி மடிப்பில் கிழிந்திருக்கலாம். இங்கேதான் கிம்பலைத் திறக்கும் அவசியம் நேர்கிறது. பட்டைக் கம்பியை மாற்றுவதற்குக் கடிகாரம் பழுதுபார்ப்பவரின் பொறுமை வேண்டும். பழக்கமில்லாதவர் அதைத் தேர்ந்தவரிடம் விடுவதே மேல். மேசைமேல் எந்தச் சோதனை செய்வதாயினும் விசிறிகளைக் கழற்றி வைத்துவிட்டே செய்க. விரல் போனால் உதிரிப் பாகம் கிடையாது.

வெளிநாட்டு டிரோன்களை முழுமையாக இறக்குமதி செய்வதற்கு 2022 பிப்ரவரியில் நம் அரசு தடை விதித்தது. ஆராய்ச்சி, நாட்டுப் பாதுகாப்பு முதலியவற்றுக்கே விலக்களித்தது. உதிரிப் பாகங்களை அந்த ஆணை தடுக்கவில்லை. பழையதை வீசிவிட்டுப் புதியது வாங்கலாம் என்ற நினைப்புக்கு அதனால் ஒரு கடிவாளம் விழுந்தது. பழுதுபார்க்கும் தொழிலுக்கும் மதிப்புக் கூடியது. மின்னணுப் பொருளுக்குப் பெயர்பெற்ற எஸ்.பி. ரோட்டுக் கடைத்தெருவில் நுழைபவர், மாதிரியின் பெயரைச் சரியாகக் குறித்துக்கொண்டு, பழைய பாகத்தையும் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. ஒத்த தோற்றமுள்ள இரு பட்டைக் கம்பிகள் ஒன்றுக்கொன்று பொருந்தா.

சரிசெய்தபின் சோதிக்க வேண்டுமல்லவா? 2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகள், 250 கிராமுக்கு மேற்படாததை நானோ வகையாக்கி, ஓட்டுபவருக்குச் சான்றிதழ் வேண்டாம் என்றன. எங்கும் பறக்கவிடலாம் என்பது அதன் பொருளன்று. தேவனஹள்ளி, எச்.ஏ.எல்., எலஹங்கா, ஜக்கூர் என்று விமானத் தளங்கள் சூழ்ந்த நகரம் இது. அரசின் வான்வெளி வரைபடத்தில் பச்சை நிறமிட்ட இடமா என்று பார்த்துக்கொண்டு, ஆள் நடமாட்டமில்லாத வெளியில், தலையளவு உயரத்தில் இரண்டு நிமிடம் நிறுத்துங்கள். எதிரே சுவரின் விளிம்பு போன்ற நேர்க்கோடு ஒன்று படத்தில் விழட்டும். பிறகு அந்தப் படத்தைக் கைப்பேசியில் பாராமல் பெரிய திரையில் போட்டுப் பாருங்கள்; சிறு திரையில் நெளிவு கண்ணுக்குத் தப்பிவிடும்.